உப்பில்லாத தட்டு

வந்தாறுமூலை. மின்சாரம் போய் நாற்பது நிமிடம்.
'திறக்காதே' என்று உறைபெட்டியில்
றிஃப்கா ஒட்டிய தாளுக்குக் கீழே
தண்ணீர் மெல்லக் கோடு போடுகிறது.

மேசையில் இரண்டு தட்டு.
ஒன்றில் உப்புக் குடித்த நாற்று,
மற்றதில் குடிக்காதது.
இலையை வெட்டிச் சாயத்தில் இட்டு
இரவு முழுக்க இருட்டில் வைத்து
காலையில் கொதிக்கும் அற்ககோலில் அவித்தால்
பச்சை கழன்று இறங்கும்.
பச்சைப்பெருமாள் என்ற நெல்
பச்சையும் போய்ப் பெருமாளும் போய்
நனைந்த கடதாசியாய்க் கிடக்கும்.
அதில் மிஞ்சும் கபிலம்தான் நான் தேடுவது:
ஐதரசன் பேரொட்சைட்டு நின்ற இடம்.

முழங்கால் புண்ணில் தாதி ஊற்ற
நுரைத்துச் சீறுமே, அதேதான்.
இலை அதைத் தனக்குள் தானே காய்ச்சிக்கொள்கிறது.
கொஞ்சம் என்றால் சேதி:
வேருக்கு உவர் வந்துவிட்டது, வாயை மூடு
என்று இலைவாய்களுக்குச் சொல்லும்.
கூடினால்
சேதி கொண்டுவந்தவனே வீட்டைக் கொளுத்துவான்.
எது கொஞ்சம், எது கூட
என்பதில் போயின என் ஒன்பது வருடம்.

ஒட்சியேற்றம், தாழ்த்தல்.
இலத்திரனைக் கொடுத்தது ஏறும், வாங்கியது தாழும்.
இந்தச் சொற்களை ஆக்கியவர் யாரோ,
கடன் கேட்டு ஒரு வாசலில் நின்றவராய் இருக்க வேண்டும்.
முதலாம் வருடத்துக்கு இதைச் சொல்லும்போது
பின்வாங்கில் எவனாவது ஒருவன்
சிரிக்காமல் குனிந்துகொள்கிறான்.

இன்று காலை
உப்புத் தட்டு கபிலம். எதிர்பார்த்தது.
உப்பில்லாத தட்டும் கபிலம்.

"மாறி வைச்சிட்டனோ மிஸ்?"
மாறவில்லை. அவள் எழுத்து, அவள் பென்சில், அவள் திகதி.
சாயம் பழசா? போன கிழமைதான் உடைத்தோம்.
வெக்கையா? கச்சான் ஜன்னலால் அடித்ததா?
ஒவ்வொன்றாய் வெட்டிக்கொண்டு வந்து
மூலையில் இருந்த மஞ்சள் கானில் முட்டினோம்.

தவநாயகத்தார் தலையைச் சொறிந்தார்.
வடிகலம் பழுதாகி மூன்று கிழமை.
குழாய்த் தண்ணியில் குளோரின் மணக்குதாம்,
நாத்து வாடிப்போகுமாம்,
ஆகவே தளவாயில் தன் வீட்டுக் கிணற்றில் அள்ளி
மோட்டார்சைக்கிளில் முன்னும் பின்னும் கட்டி
தினமும் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்.
"நல்ல தண்ணி மிஸ். நாங்க குடிக்கிறதுதானே."

மானியை இறக்கினேன்.
இரண்டு தசம் ஒன்று.

"கடல் வந்த வருசம் நல்லாக் கரிச்சுது.
பிறகு நாக்குப் பழகிட்டு."

விதிப்படி இந்தத் தட்டைக் கொட்ட வேண்டும்,
மூன்று கிழமையைக் கொட்ட வேண்டும்,
நிதி தந்தவர்களுக்கு ஒரு பந்தி எழுத வேண்டும்.
நான் குவளையை எடுத்துக் கானில் முக்கினேன்.
றிஃப்கா ஒரு மிடறு குடித்தாள்,
தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.
அவள் ஊர் இறக்காமம், குளத்து நீர்.

நான் குடித்தேன். பிறகும் குடித்தேன்.
களுவன்கேணியில் பிறந்த நாக்கு
அடியில் எங்கோ தேடிப் பார்த்தது.
ஒன்றும் கரிக்கவில்லை.
என்னை வெட்டிச் சாயத்தில் இட்டால்
எந்த நிறம் என்று ஒரு கணம் நினைத்தேன்,
பிறகு வேலை இருந்தது.

மின்சாரம் வந்தது.
உறைபெட்டி ஒருமுறை குலுங்கி மூச்சுப் பிடித்தது.
றிஃப்கா தட்டில் இருந்த 'உப்பில்லாத'வை
அழிறப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
பென்சில் போனது, பள்ளம் போகவில்லை.

"அப்ப நாளைக்கு நான் தண்ணி கொண்டுவாறேல்லையா?"
வாசலில் தவநாயகத்தார், வெறும் கானோடு.
கொண்டுவாங்க, என்றேன்.
மூன்றாவது தட்டு ஒன்று போடுவம்.
கானில் மட்டும் பெயர் எழுதி ஒட்டுங்க.

"என்ன பெயர் மிஸ்?"

உங்கட கிணறு எண்டு.